மகனீசியக் கலப்புலோகங்களின் வலிமையில் பளிங்கெல்லைகளின் பங்கு

பொறியியலிற் பயன்படும் கட்டமைப்பு உலோகங்களுள் மிக இலேசானது மகனீசியம். இதன் அடர்த்தி கன சதமமீற்றருக்கு 1.74 கிராம் ஆகும். அலுமினியத்தின் அடர்த்தி 2.70 கிராம், இரும்பினது 7.87 கிராம். புவியோட்டில் மிகுதியாகக் காணப்படும் முதல் எட்டு மூலகங்களுள் மகனீசியமும் ஒன்று. கடல்நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழ 1.3 கிராம் மகனீசியம் கரைந்து கிடக்கின்றது. 1808இல் ஹம்பிரி டேவி இம்மூலகத்தைப் பிரித்தறிந்தார். 1909இல் பிராங்பேட் நகரில் நடைபெற்ற வான்பயணக் கண்காட்சியில் 'இலெக்ட்ரோன்' என்ற பெயருடன் மகனீசியக் கலப்புலோகம் மக்கள் முன் வைக்கப்பட்டது. ஆயினும் இன்று உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் மகனீசியத்தின் அளவு ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் மட்டுமே. அலுமினியம் இதனிலும் எழுபது மடங்கு வரையும், உருக்கு ஆயிரம் மடங்குக்கு மேலாகவும் உற்பத்தி செய்யப்படுகின்றன. இவ்வளவு மலிந்த, இவ்வளவு இலேசான உலோகம் ஏன் இவ்வாறு ஓரத்தில் நிற்கின்றது?

தீப்பற்றும் இயல்பையும் துருவரிப்பையும் இதற்குக் காரணமாகக் கூறுவது வழக்கம். இரண்டும் உண்மையே. ஆனால் தீப்பற்றுவது தூளையும் சீவலையும் பொறுத்த அச்சம். திண்மமான பெரிய பாகம் எளிதில் எரிவதில்லை. அரிப்போ, இரும்பு, நிக்கல், செம்பு ஆகிய மாசுகளைக் குறைத்ததன் மூலம் பெருமளவு கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இவற்றிலும் ஆழமான தடை ஒன்று உலோகத்தின் உள்ளமைப்பிலேயே இருக்கின்றது. அலுமினியத் தகட்டை அறை வெப்பநிலையில் அழுத்திச் சட்டியாகவோ கதவாகவோ ஆக்கலாம். சாதாரண மகனீசியத் தகட்டை அவ்வாறு செய்ய முயன்றால் அது வெடித்துவிடும். அன்றியும், ஒரு மகனீசியக் கோல் இழுக்கும்போது காட்டும் வலிமையை அமுக்கும்போது காட்டுவதில்லை. இவற்றின் காரணத்தை நாடுவோர் பளிங்குகளுக்கு இடையிலும் பளிங்குகளுக்கு உள்ளேயும் அமைந்த எல்லைகளையே நோக்கவேண்டியுள்ளது. 'மணி சிறுத்தால் வலிமை பெருகும்' என்பது உலோகவியலிற் பாடநூல் வாய்பாடு. அது மகனீசியத்தில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும், எவ்விடத்திற் பொய்க்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பளிங்கு, மணி, எல்லை

உலோகம் என்றதும் கண்ணாடிபோல் ஒரேசீரான பொருளொன்று நம் மனக்கண்ணில் தோன்றுகின்றது. உண்மை அதுவன்று. உருகிய உலோகம் ஆறும்போது பல்லாயிரம் இடங்களில் ஒரே நேரத்திற் பளிங்காதல் தொடங்குகின்றது. ஒவ்வொரு கருவும் தன் போக்கில் ஒரு திசையை நோக்கி வளர்ந்து, அயலிலுள்ளதைச் சந்தித்ததும் நின்றுவிடுகின்றது. இவ்வாறு உண்டாகும் ஒவ்வொரு பளிங்குத் துண்டமும் 'மணி' எனப்படும். ஒரு மணிக்குள் அணுக்கள் ஒழுங்கான நிரைகளாக நிற்கும். அடுத்த மணியிலும் அதே ஒழுங்கு உண்டு, ஆனால் திசை வேறு. இரு ஒழுங்குகளும் பொருந்தாது சந்திக்கும் சில அணுத் தடிப்புள்ள இடைப்பகுதியே மணியெல்லை. இதனை வெறுங்கண்ணாற் காண விரும்புவோர் நாகம் பூசிய வாளியொன்றை வெயிலிற் பிடித்துப் பார்க்கலாம். அதன் மேற்பரப்பில் மின்னியும் மங்கியும் தோன்றும் பூக்கோலங்கள் நாகப் பளிங்குமணிகளே. மகனீசியத்தின் மணிகள் பொதுவாக இவற்றிலும் மிகச் சிறியவை. வார்ப்புகளில் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அளவிலும், நன்கு பதப்படுத்திய கோல்களில் அதனினும் பன்மடங்கு குறைந்தும் காணப்படும். மேற்பரப்பை மெருகிட்டு அமிலத்தால் அரித்த பின்னர் நுணுக்குக்காட்டியால் அவற்றைக் காணலாம்.

உலோகம் வளையும்போது என்ன நிகழ்கின்றது? ஓர் அணுத்தளம் மற்றொன்றின் மேல் வழுக்குகின்றது. தளம் முழுவதும் ஒருங்கே வழுக்குவதாயின் அதற்கு வேண்டிய விசையைக் கணக்கிடலாம். அவ்வாறு கணக்கிட்டபோது கிடைத்த பெறுமானம், உண்மை உலோகங்கள் இளகும் விசையைப்போல் ஆயிரம் மடங்கு வரை பெரிதாக இருந்தது. இப்புதிருக்கு 1934இல் ரெய்லர், ஒரோவன், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டனர். பளிங்கில் 'இடப்பிறழ்வு' எனத்தக்க கோட்டுக் குறைபாடுகள் உள்ளன. வழுக்கல் அக்கோட்டின் வழியே படிப்படியாக நகர்கின்றது. மயிர்க்கொட்டி தன் உடல் முழுவதையும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை. உடலில் ஒரு மேட்டை எழுப்பி அம்மேட்டையே பின்னிருந்து முன்னே நகர்த்துகின்றது. இடப்பிறழ்வின் நகர்ச்சியும் அத்தகையதே.

ஆகவே உலோகத்தை வலிமையாக்குவது என்பது இடப்பிறழ்வின் வழியை மறிப்பது என்றாயிற்று. வழிமறிப்போருள் மணியெல்லை முதன்மையானது. ஒரு மணியின் தளத்தில் ஓடிவரும் இடப்பிறழ்வு எல்லையை அடைந்ததும், அப்பால் அத்தளம் தொடர்வதில்லை. பின்னால் வருவனவும் அங்கே தேங்குகின்றன. இத்தேக்கத்தின் முனையில் தகைப்பு குவிந்து, போதிய அளவு உயர்ந்த பின்னரே அயல்மணியில் வழுக்கல் தொடங்கும். பெரிய மணியில் நீண்ட நிரையாகத் தேங்கலாம். முனையிற் குவியும் தகைப்பும் பெரிது. சிறிய மணியில் நிரை குறுகியது. எனவே வெளியிலிருந்து கூடுதலான தகைப்பைக் கொடுத்தாலன்றி அயல்மணி இணங்காது. 1951இல் ஹோல் என்பவர் மென்னுருக்கின் இளகலையும், 1953இல் பெச் என்பவர் பல்பளிங்குகளின் பிளவையும் ஆராய்ந்து, இவ்வுறவை எண்வடிவிற் காட்டினர். உலோகம் நிலையாக உருமாறத் தொடங்கும் தகைப்பை இளகுதகைப்பு என்போம். அத்தகைப்பு, ஒரு மாறா உறுப்போடு மணிவிட்டத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதமான இன்னோர் உறுப்பு சேர்ந்ததாகும் என்பதே ஹோல்-பெச் விதி. இரண்டாம் உறுப்பின் பெருக்கற்காரணியை எல்லைக்காரணி என இங்கே அழைப்போம்.

மகனீசியத்தில் விதி ஏன் வலுத்துத் தோன்றுகின்றது

எல்லைக்காரணி எல்லா உலோகங்களுக்கும் ஒன்றன்று. தூய அலுமினியத்தோடு ஒப்பிடும்போது மகனீசியத்துக்கும் அதன் பொதுவான கலப்புலோகங்களுக்கும் இது பன்மடங்கு பெரிது. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். மணிவிட்டம் மைக்கிரோமீற்றரிலும் தகைப்பு மெகாபசுக்காலிலும் அளக்கப்படுமாயின், மகனீசியக் கலப்புலோகம் ஒன்றுக்கு எல்லைக்காரணி 250 எனக் கொள்ளலாம். 100 மைக்கிரோமீற்றர் விட்டமுள்ள மணிகளில் எல்லைகள் அளிக்கும் வலிமை 25 மெகாபசுக்கால். மணியை 25 மைக்கிரோமீற்றராகக் குறைத்தால் அது 50 ஆகும். 4 மைக்கிரோமீற்றரில் 125. 1 மைக்கிரோமீற்றரில் 250. புதிதாக ஒரு கிராம் மூலகமும் சேர்க்காமல், உள்ளே இருக்கும் எல்லைகளின் பரப்பை மட்டும் பெருக்குவதனால் வரும் பயன் இது. தூய அலுமினியத்தில் இதே முயற்சி இதன் சிறு பகுதியையே தரும்.

இவ்வேறுபாட்டின் வேர் பளிங்கின் வடிவத்தில் உள்ளது. அலுமினியத்தின் அணுக்கள் கனசதுர அமைப்பில் அடுக்கப்பட்டவை. அங்கே வழுக்குவதற்கு ஏற்ற தளங்களும் திசைகளும் சேர்ந்து பன்னிரண்டு வழிகள் உண்டு. மகனீசியம் அறுகோண நெருங்கிய அடுக்கமைப்பை உடையது. அறுகோணப் பட்டகம் ஒன்றை மனத்தில் நிறுத்துக. அதன் அடித்தளத்தில் வழுக்கல் மிக எளிது. தூய மகனீசிய ஒற்றைப் பளிங்கில் ஒரு மெகாபசுக்கால் அளவான வெட்டுத் தகைப்பே போதும். பட்டகத்தின் பக்கத்தளங்களிலோ சாய்தளங்களிலோ வழுக்குவதற்கு அறை வெப்பநிலையில் அதைப்போல் பல பத்து மடங்கு வேண்டும். பல்பளிங்கு ஒன்று எல்லைகள் கிழியாமல் எவ்வடிவத்துக்கும் மாறுவதற்கு ஒன்றையொன்று சாராத ஐந்து வழுக்கல் வழிகள் தேவை என 1928இல் வொன் மீசஸ் காட்டினார். அடித்தளம் அளிப்பவை இரண்டே. எனவே ஒரு மணி எளிதாக வழுக்கி எல்லையை அடைந்தாலும், மாறுபட்ட திசையில் நிற்கும் அயல்மணி தன் கடினமான தளங்களை இயக்கியே அதற்கு ஈடுகொடுக்க வேண்டியுள்ளது. எல்லையின் மறிப்பு இவ்வளவு வலிதாக அமைவதற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து ஒரு முக்கிய விளைவும் பெறப்படும். எல்லைக்காரணி உலோகத்தின் பிறவிக்குணம் போன்ற மாறிலியன்று. மணிகள் எத்திசை நோக்கி அணிவகுத்துள்ளன, எத்திசையில் இழுக்கிறோம் என்பவற்றைப் பொறுத்து அது மாறும். ஒரே கலப்புலோகத்துக்கு வெவ்வேறு ஆய்வாளர் வெவ்வேறு பெறுமானங்களைத் தருவதைக் கண்டு அளவீட்டுப் பிழையென ஒதுக்கிவிடுதல் தகாது. மணிவிட்டத்தை மட்டும் தந்து, மணிகளின் திசையமைவைத் தராத அட்டவணைகள் மகனீசியத்தைப் பொறுத்தவரை அரைகுறையானவை என்பதே என் கருத்து.

இரட்டைப் பளிங்கு

வழுக்கல் வழிகள் போதாத பளிங்கு வேறொரு வழியையும் நாடுகின்றது. பளிங்கின் ஒரு பகுதி திடீரெனப் புரண்டு, மீதிப்பகுதியின் ஆடிவிம்பம் போன்ற நிலையை எடுக்கின்றது. இதுவே இரட்டையாதல். வெள்ளீயக் கோலைக் காதருகே வளைத்தால் கேட்கும் நொறுநொறுப்பு இத்தகைய புரள்வின் ஓசையே. புரண்ட பகுதிக்கும் புரளாத பகுதிக்கும் இடையில் ஓர் எல்லை உண்டாகின்றது. மணியெல்லையைப்போல் ஒழுங்கிழந்ததாக அன்றி, இரு பக்கத்து அணுக்களும் பெரிதும் பொருந்தி நிற்கும் எல்லை இது. மணி பிறக்கும்போது இல்லாததாய், விசை கொடுக்கும்போது உள்ளே முளைப்பது இதன் தனித்தன்மை.

மகனீசியத்தில் அடிக்கடி நிகழும் இரட்டையாதலில் அறுகோண அச்சு ஏறத்தாழ 86 பாகை திரும்புகின்றது. படுத்திருந்தது எழுந்துவிட்டது எனலாம். இதற்கு வேண்டிய தகைப்பு மிகச் சிறிது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அறுகோண அச்சின் வழியே பளிங்கு நீள்வதற்கு மட்டுமே இப்புரள்வு உதவும், குறுகுவதற்கு உதவாது. இந்த ஒருதலைத் தன்மையே மேலே குறிப்பிட்ட கோலின் விந்தைக்குக் காரணம். இடியப்ப உரலில் மாவைப் பிழிவதுபோல், சூடாக்கிய உலோகக் கட்டியை அச்சுத்துளையூடாகப் பிதுக்கிக் கோல்கள் செய்யப்படுகின்றன. அவ்வாறு பிதுக்கிய மகனீசியக் கோலில் பெரும்பாலான மணிகளின் அறுகோண அச்சு கோலின் நீளத்துக்குச் செங்குத்தாக அமைந்துவிடும். கோலை நீளவாக்கில் அமுக்கினால் அது பக்கவாட்டில் விரிய முனைகின்றது; அறுகோண அச்சும் நீள்கின்றது; இரட்டையாதல் உடனே தொடங்க, கோல் எளிதில் இளகுகின்றது. அதே கோலை இழுத்தால் அச்சு குறுகவேண்டும். இரட்டையாதல் கதவடைத்துவிட, கடினத் தளங்களே இயங்கவேண்டியதாகின்றது. இதனால் அமுக்கத்தில் இளகுதகைப்பு இழுவையிலுள்ளதன் பாதியளவு வரை குறைந்துபோவதுண்டு. வளைக்கப்படும் எந்தப் பாகத்திலும் ஒரு பக்கம் இழுவையும் மறுபக்கம் அமுக்கமும் இருக்கும். இழுவைச் சோதனையின் எண்ணை மட்டும் நம்பி இருக்கைச் சட்டமோ சில்லோ வடிவமைப்பவர் உண்மையில் பாதி வலிமையுள்ள பொருளையே கையாள்கிறார் என்பது இதன் பொருள். இது உயிரைப் பற்றிய செய்தி, ஏட்டு நுணுக்கமன்று.

தகடுகளின் தொல்லையும் இதே வகையினதே. உருட்டிய தகட்டில் அறுகோண அச்சுகள் தடிப்பின் திசையில் நிற்கின்றன. தகட்டை இழுத்து வடிவமைக்கும்போது தடிப்பு குறையவேண்டும், அச்சு குறுகவேண்டும். எளிதான வழி எதுவும் இல்லாமையால் வேறொருவகை இரட்டைகள், சுருங்கல் இரட்டைகள், மெல்லிய கீற்றுகளாகத் தோன்றுகின்றன. அவற்றினுள்ளே இன்னோர் இரட்டையும் தோன்ற, அக்கீற்று அடித்தள வழுக்கலுக்கு மிக வாய்ப்பான திசையைப் பெறுகின்றது. உருமாற்றம் முழுவதும் அக்கீற்றினுள் குவிய, அங்கேயே விரிசல் பிறக்கின்றது.

மணி சிறுக்கும்போது இவ்விரு தொல்லைகளும் தணிகின்றன. இரட்டைகள் பெரிய மணிகளில் எளிதாக முளைத்து எல்லைவரை பாய்கின்றன. சில மைக்கிரோமீற்றர் விட்டமுள்ள மணிகளில் அவை முளைப்பதே அரிதாகின்றது. வேறுவகையாற் கூறின், இரட்டையாதலுக்குரிய எல்லைக்காரணி வழுக்கலுக்குரியதிலும் பெரிது. ஆதலால் மணியைச் சிறுக்கச் செய்யும்போது அமுக்க வலிமை இழுவை வலிமையிலும் விரைவாக உயர்ந்து, இரண்டுக்குமுள்ள இடைவெளி சுருங்குகின்றது. உலோகவியலில் வலிமையைக் கூட்டினால் நீளும் இயல்பு குறையும் என்பது ஏறத்தாழ ஒரு தலைவிதிபோற் கருதப்படுவது. மகனீசிய மணிகளைச் சிறுக்கச் செய்வதில் பல வேளைகளில் இரண்டும் ஒருங்கே உயர்கின்றன.

எல்லையிற் குடியேறும் அணுக்கள்

இரட்டையெல்லை பற்றிய அறிவில் 2013இல் ஒரு புதிய பக்கம் திறந்தது. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியான்-பெங் நியே என்பவரும் அவருடன் உழைத்தோரும், மகனீசியத்தில் விரவியுள்ள அயலணுக்கள் இரட்டையெல்லையில் எவ்வாறு நிற்கின்றன என்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அணுவணுவாகக் கண்டனர். முற்றும் பொருந்திய எல்லையிலும் சில இடங்கள் சற்று அகன்றும் சில இடங்கள் நெருங்கியும் உள்ளன. மகனீசியத்திலும் பெரிய கடோலினியம் போன்ற அணுக்கள் அகன்ற இடங்களையும், சிறிய நாக அணுக்கள் நெருங்கிய இடங்களையும் தேர்ந்து, ஒன்றுவிட்டு ஒன்றாக, கோலமிட்டதுபோல் ஒழுங்காக அமர்ந்திருந்தன. இவ்வாறு அமர்ந்த அணுக்கள் எல்லையை ஆணியடித்ததுபோல் நிறுத்திவிடுகின்றன. இரட்டை மேலும் வளர இயலாது.

இதன் விளைவு வழக்கத்துக்கு மாறானது. வளைத்து நெளித்த உலோகத்தைச் சூடாக்கி ஆறவிட்டால் அது மென்மையாகும் என்பது கொல்லன் பட்டறையிலும் அறியப்பட்ட உண்மை. இங்கோ, சிறிது அமுக்கி இரட்டைகளை உண்டாக்கிய கலப்புலோகத்தை மிதமாகச் சூடாக்கியபோது, அணுக்கள் எல்லைகளை அடைந்து, மறுமுறை அமுக்கியபோது உலோகம் முன்னிலும் வலிமை காட்டியது.

மணியெல்லைகளிலும் இத்தகைய குடியேற்றம் உண்டு. சீரியம், கடோலினியம் முதலிய அருமண் மூலகங்களும் கல்சியமும் மிகச் சிறிய அளவிற் சேர்க்கப்பட்டாலே தகட்டின் மணிகள் ஒரே திசையில் அணிவகுப்பது குறைந்து, தகடு வளைந்துகொடுக்கத் தொடங்குகின்றது. எல்லையில் அமர்ந்த அணுக்கள் எல்லையின் நகர்ச்சியை மந்தப்படுத்துவதால், உருட்டும்போதும் சூடாக்கும்போதும் எந்த மணி வளர்வது எது தேய்வது என்ற போட்டியின் முடிவு மாறுகின்றது என்பதே இதற்குத் தரப்படும் முதன்மையான விளக்கம்.

மணியைச் சிறுக்கச் செய்யும் முறைகள்

முதல் வழி வார்ப்பிலேயே தொடங்குகின்றது. 1937இல் ஜேர்மனியில் சவர்வால்ட் என்பவர் உருகிய மகனீசியத்துடன் சிறிது சேர்க்கோனியத்தைச் சேர்த்தபோது மணிகள் வியக்கத்தக்க அளவு சிறுத்தன. திரவ மகனீசியத்திற் கரைவது 0.6 சதவீதம் அளவே. ஆயினும் அது போதும். சேர்க்கோனியமும் அறுகோண அமைப்புடையது. அதன் அணு இடைவெளிகள் மகனீசியத்தினவற்றிலிருந்து ஏறத்தாழ ஒரு சதவீதமே வேறுபடுகின்றன. ஆகவே அதன் துணிக்கைகளின் மேல் மகனீசியம் தன் சொந்த மண்ணில் முளைப்பதுபோல் பளிங்காகின்றது. இத்துணை சிறந்த மருந்துக்கு ஒரு பெருங்குறை: அலுமினியம் கலந்த மகனீசியத்தில் அது வேலை செய்யாது. அலுமினியம் சேர்க்கோனியத்துடன் சேர்வையாகி அதனைச் செயலிழக்கச் செய்துவிடும். சந்தையிற் பெரும்பான்மையாக விற்பனையாகும் கலப்புலோகங்களோ அலுமினியம் கலந்தவையே. அவற்றுக்கு உருகலை 850 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி விரைவிற் குளிரவைக்கும் முறையும், காபன் சேர்வைகளை இடும் முறையும் கையாளப்பட்டுள்ளன. அவை ஏன் பயனளிக்கின்றன என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் முழு உடன்பாடில்லை.

இரண்டாம் வழி, திண்மமாகிய பின்னர் சூட்டுடன் உருமாற்றுவது. பிதுக்கும்போதும் உருட்டும்போதும் பழைய மணிகளின் எல்லைகளில் புதிய சிறுமணிகள் மாலைபோல் முளைத்துப் பழையவற்றை விழுங்குகின்றன. வெப்பநிலை தாழ்ந்தும் வேகம் ஏற்றதாகவும் இருப்பின் சில மைக்கிரோமீற்றர் விட்டத்தை எட்டலாம். முழங்கைபோல் மடிந்த துளையூடாகக் கட்டியைத் திரும்பத்திரும்பத் தள்ளும் முறை சோவியத் நாட்டில் 1970களிற் பிறந்தது. இதனால் ஒரு மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த மணிகள் பெறப்பட்டுள்ளன. ஆயின் கைப்பிடியளவு கட்டிகளுக்கே அது இன்றும் பெரிதும் பொருந்துகின்றது.

மூன்றாவது, உருகலை மிகக் கடும் வேகத்தில் குளிரவைத்துத் தூளாக்கி, அத்தூளைச் சூட்டில் இறுக்கிப் பிதுக்குவது. 2001இல் யப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கவமுராவும் அவருடைய குழுவினரும், நூறு அணுக்களுக்கு ஒரு நாக அணுவும் இரண்டு இத்திரிய அணுக்களும் கொண்ட கலப்புலோகத்தை இம்முறையில் ஆக்கி, ஏறத்தாழ 610 மெகாபசுக்கால் இளகுதகைப்பையும் 5 சதவீத நீட்சியையும் பெற்றனர். அதன் மணிகள் 100 முதல் 200 நனோமீற்றர் விட்டமுடையவை. சாதாரணக் கட்டட உருக்கின் இளகுதகைப்பு 250 மெகாபசுக்கால் அளவே என்பதை நோக்கின் இதன் பெருமை விளங்கும். ஆயினும் இவ்வலிமை முழுவதையும் மணியெல்லைகளின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது; நீண்ட இடைவெளியில் ஒழுங்காக அடுக்கப்பட்ட தனி அமைப்பொன்றும் அதில் உண்டு.

எல்லையே பகையாகும் இடம்

இதுவரை எல்லையைக் காவலனாகக் கண்டோம். வெப்பம் ஏறும்போது நிலைமை தலைகீழாகின்றது. மகனீசியம் 650 பாகை செல்சியசில் உருகும். தனி வெப்பநிலையில் அளந்தால், 150 பாகை செல்சியசில் நிற்கும் மகனீசியம் தன் உருகுநிலைக்கு எவ்வளவு அண்மையில் உள்ளதோ, அவ்வளவு அண்மையை இரும்பு 560 பாகையிலேயே அடைகின்றது. மோட்டார் வண்டியின் இயந்திரத்தருகே 150 பாகை சாதாரணம். இந்நிலையில் மணிகள் ஒன்றையொன்று உரசி எல்லை வழியே நழுவத் தொடங்கும். அணுக்களும் எல்லைகளைப் பாதையாகக் கொண்டு நகரும். மாறாத சுமையின் கீழ் காலம் செல்லச்செல்ல உலோகம் நீண்டுகொண்டே போகும். இதனை ஊர்வு என்பர். எல்லைவழி அணுநகர்வினால் நிகழும் ஊர்வின் வேகம் மணிவிட்டத்தின் முப்படிக்கு நேர்மாறு விகிதமானது என 1963இல் கோபிள் காட்டினார். மணிவிட்டம் பாதியானால் அவ்வூர்வு எட்டு மடங்காகும். அறை வெப்பநிலையில் வரமாக இருந்த சிறுமணி இங்கே சாபமாகின்றது.

ஒன்பது சதவீத அலுமினியமும் ஒரு சதவீத நாகமும் கொண்ட, பெருவழக்கான வார்ப்புக் கலப்புலோகத்தில் இத்தொல்லை இரட்டிப்பாகின்றது. மகனீசியமும் அலுமினியமும் 17க்கு 12 என்ற விகிதத்திற் சேர்ந்த சேர்வையொன்று மணியெல்லைகளிற் படிகின்றது. தாழ்ந்த வெப்பநிலையில் அது எல்லையைக் காக்கின்றது. 120 பாகையைத் தாண்டியதும் தானே தளர்ந்துவிடுகின்றது. வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் 'வண்டு' மோட்டார் வண்டியில் இயந்திர உறையும் பற்சக்கரப் பெட்டியுமாக ஏறத்தாழ 20 கிலோகிராம் மகனீசியம் இருந்தது. 1971இல் அந்நிறுவனம் ஆண்டுக்கு 42,000 தொன் மகனீசியத்தைப் பயன்படுத்தியது. இயந்திரங்களின் ஆற்றலும் வெப்பமும் கூடியபோது பழைய கலப்புலோகம் தாக்குப்பிடிக்கவில்லை. அலுமினியத்தைக் குறைத்துச் சிலிக்கனைச் சேர்த்த புதிய வகைகள் 1970களில் அங்கே கையாளப்பட்டன. மகனீசியமும் சிலிக்கனும் சேர்ந்த சேர்வை உயர்ந்த வெப்பத்திலும் குலையாது எல்லைகளைப் பற்றிநிற்கும் என்பதே அத்தேர்வின் அடிப்படை. இத்திரியமும் ஏனைய அருமண் மூலகங்களும் சேர்ந்த பிற்காலக் கலப்புலோகங்கள் வானூர்திப் பாகங்களில் 250 பாகை வரை தாங்குகின்றன, விலைதான் தாங்கமுடியாதது.

வெப்பம் ஏறாமலே எல்லை நெகிழ்வதும் உண்டு. 2017இல் மொனாஷ் பல்கலைக்கழகத்தவர் தூய மகனீசியத்தை 80 பாகை செல்சியசிற் பிதுக்கி, ஏறத்தாழ 1.3 மைக்கிரோமீற்றர் மணிகளைப் பெற்றனர். ஹோல்-பெச் விதியின்படி அது மிகக் கடினமாக இருந்திருக்கவேண்டும். மாறாக, அறை வெப்பநிலையில் விரிசலின்றித் தகடாக உருண்டது, மடித்தாலும் வெடிக்கவில்லை. மணிகள் அத்துணை சிறுத்ததும், மணிக்குள் வழுக்குவதிலும் எல்லைவழி நழுவுவது எளிதாகிவிட்டது. எல்லையில் அயலணுக்கள் அமரும்போது இந்நழுவல் கூடவோ குறையவோ செய்யும். எந்த அணு என்பதைப் பொறுத்தது அது. எனவே விதியின் வரைகோடு நேராகச் சென்று ஓரிடத்தில் வளைகின்றது என்பதையும், அவ்வளைவின் இடத்தைக் கலவையும் வேகமும் வெப்பநிலையுமே தீர்மானிக்கின்றன என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

வலிமையின் விலை

இவ்வாராய்ச்சிகள் யாருக்குப் பயன்படும் என்ற வினாவை ஒதுக்கிவிட்டு உலோகவியல் பேசுவது முழுமையாகாது. இன்று உலகின் மகனீசியத்தில் எண்பது சதவீதத்துக்கு மேற்பட்டதைச் சீனாவே உற்பத்தி செய்கின்றது. கனடாவில் 1940களின் தொடக்கத்தில் பிட்ஜன் வகுத்த முறையே அங்கு பெருவழக்கு. சுட்ட தொலமைற்றை இரும்புச் சிலிக்கனுடன் சேர்த்து, வெற்றிடக் குழாய்களில் 1200 பாகையை அண்மித்துச் சூடாக்கி ஆவியாக மகனீசியத்தை எடுக்கும் இம்முறைக்கு வேண்டிய எரிபொருள் மிகப் பெரிது. நமது நாட்டிலும் கண்டி, மாத்தளைப் பகுதிகளில் தொலமைற்றுப் பாறை உண்டு. ஆயின் பாறை எங்கும் கிடைப்பதே, குறைவாக உள்ளது மலிவான சக்தி. நிலக்கரியை எரித்துப் பெற்ற இலேசான உலோகம், வண்டியில் ஏறி எரிபொருளை மிச்சப்படுத்தி அக்கடனைத் தீர்ப்பதற்குப் பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடவேண்டும்.

வலிமையை அருமண் மூலகங்களால் வாங்குவதா, எல்லைகளை ஒழுங்குபடுத்திப் பெறுவதா என்பது இச்சூழ்நிலையில் வெறும் ஆய்வகத் தேர்வாக நின்றுவிடுவதில்லை. அருமண் மூலகங்களின் அகழ்வும் பிரிப்பும் சில நாடுகளின் கையில் உள்ளன. அவற்றின் கழிவு நீரும் மண்ணும் அப்பகுதி மக்கள் தலையில் விழுகின்றன. கல்சியம், நாகம், மங்கனீசு போன்ற எளிய மூலகங்களைச் சிறிதளவு சேர்த்து, உருட்டலையும் பிதுக்கலையும் நுட்பமாகக் கட்டுப்படுத்தி, மணியளவையும் திசையமைவையும் வேண்டியபடி அமைக்கும் முயற்சி நடைபெறுகின்றது. என் மதிப்பீட்டில் 610 மெகாபசுக்காலை எட்டிய அருஞ்சாதனையிலும் இது பயன்மிக்கது. 200 மெகாபசுக்காலுடன் அறை வெப்பநிலையில் வளையும் மலிவான தகடே பரவலாகப் பயன்படும்.

ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. பழைய பாகங்களை மீண்டும் உருக்கும்போது வேண்டிய சக்தி, பாறையிலிருந்து எடுப்பதற்கு வேண்டியதன் சிறு பின்னமே. ஆனால் சேகரித்த பழைய மகனீசியத்தில் அலுமினியம் கலந்தே வரும். அதில் சேர்க்கோனியம் பயன்படாது என்பதை முன்னரே கண்டோம். சேர்க்கோனியம் கொண்ட பாகங்களும் அதே உலையில் விழுமாயின் சேர்வை படிந்து, உலையினடியில் வண்டலாகத் தங்கிவிடும். எனவே கலப்புலோகங்களைப் பிரித்துச் சேகரித்தாலன்றி, இரண்டாம் முறை வார்க்கும் மகனீசியத்தின் மணிகள் மீண்டும் பருத்தே உறையும்.